திரையில் எழுதாத வசனம்

ஆறிப்போன காப்பியை மூன்றாவது தடவையாகக் கொட்டிவிட்டு, சூடாக வேறு கோப்பை கொண்டுவந்தாள் வெல்டா. அப்பா ஆர்லோ அதையும் திரும்பிப் பார்க்கவில்லை. சவப்பெட்டிக்கு எதிரே, மடியில் தொப்பியோடு, பிடித்துவைத்தது போல உட்கார்ந்திருந்தார். அம்மா டெஸ்ஸி இறந்து இரண்டு நாளாகிறது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு துண்டு ரொட்டி உள்ளே போகவில்லை. இவரும் பின்னாலேயே போய்விடுவாரோ என்று வெல்டா பயந்தாள்.

ஃபோர்ட் லீ ஊரில் பாதிப் பேர் துக்கத்துக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பேசினார்கள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன், ஊரில் ஸ்டூடியோக்கள் இருந்த பேசாப்படக் காலத்தில், இருவரும் நடித்த ஒரே படம். சாகிற கணவன் ஆர்லோ, கட்டிலருகே கதறும் மனைவி டெஸ்ஸி. நிஜத்தில் அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. பிறகு கிடங்கில் பிடித்த தீ படச்சுருள் அத்தனையையும் விழுங்கிவிட்டது. வெல்டா அதைப் பார்த்ததே இல்லை.

அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வுபெற்ற டில்மன், பிறவியிலேயே காது கேளாதவர், தன் குறிப்பேட்டில் எழுதி அவளிடம் நீட்டினார். காது கேளாதோர் பள்ளிச் சிநேகிதர்களோடு அந்தப் படத்தை நான்கு முறை பார்த்தாராம். ‘கர்த்தரே, இவருக்குப் பதில் என்னை எடுத்துக்கொள்ளும்’ என்று திரையில் எழுத்து வர, கொட்டகையே மூக்கைச் சிந்துமாம். காது கேளாத பையன்கள் வரிசை மட்டும் விழுந்து விழுந்து சிரிக்குமாம். அவர்களுக்குத்தான் உதட்டைப் படிக்கத் தெரியுமே. நான்கு முறையும் காதைத் திருகி வெளியே தள்ளினார்களாம்.

அடுத்த பக்கத்தைப் படித்ததும் வெல்டா வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு வீட்டில் சிரிப்பதா? ஆனாலும் அடக்க முடியவில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, திரையில் அம்மாவின் உதடுகள் நிஜமாகச் சொன்னதை வாசித்துக் காட்டினாள்.

“‘சீக்கிரம் செத்துத் தொலையேன் ஆர்லோ, அடுப்புல பீன்ஸ வெச்சிட்டு வந்திருக்கேன்.’ அம்மா இப்படியாப்பா சொன்னாங்க?”

ஆர்லோவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“பீன்ஸ் கருகித்தான் போச்சு. அதைத்தான் ரெண்டு பேரும் தின்னோம். தின்னுக்கிட்டே கேட்டேன், என்னைக் கட்டிக்கிறியான்னு.”

“அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?”

 அவர் பக்கத்திலிருந்த காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். எழுந்து போய்ப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, டெஸ்ஸியின் முகத்தருகே குனிந்தார். உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. வெல்டாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற டில்மன், அந்த உதடுகள் கண்ணில் படாதபடி முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.