சவுனா கொடுத்த முகவரி

இல்மோவின் மேசைமேல் பன்னிரண்டு போர்டுகள் மல்லாந்து கிடந்தன. பனி அள்ளும் வண்டிகளுக்கான குட்டிக் கணினிகள். சொந்தமாக ஒன்றும் நினைவிராத ஜென்மங்கள். மின்சாரம் வந்ததும், "என் முகவரி என்ன? எந்தக் கோப்பைப் படித்து எழுவது?" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி ஊரைக் கூட்டும். சர்வர் பதில் சொன்னால்தான் கண் திறக்கும். திங்கள் முதல் சமர்த்தாக எழுந்தவை, வெள்ளி மதியம் ஒன்று ஐந்துக்கு மொத்தமாக மட்டையாகிவிட்டன.

மூன்று மணிக்கு இவற்றை வாங்கவிருக்கும் சுவீடன்காரர் பார்க்க வருகிறார். போர்டுகள் எழாவிட்டால், எழும்வரை எவனுக்கும் விடுப்பு இல்லை என்று மேலாளர் ஹெய்மோ காலையிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் மூஸ் மான் வேட்டை தொடங்குகிறது. ஆண்டு முழுக்க இல்மோ மூச்சு விட்டுக்கொண்டிருந்ததே அந்த ஒரு வாரத்துக்காகத்தான்.

போர்டுகளின் கம்பிகளை மாற்றிப் பார்த்தான். சர்வரை நாற்பது தடவை அணைத்து எழுப்பினான். நாற்பத்தோராவது தடவை அது கையெடுத்துக் கும்பிட்டது.

பக்கத்து மேசை ஓர்வொக்கி, நெட்வொர்க்கில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்கும் நிரலைத் திறந்தாள்.

"யோவ் இல்மோ, உன் போர்டு கேக்குது. ஆனா நம்ம சர்வர் வாயத் தொறக்குறதுக்குள்ள வேற எவனோ முந்திக்கிட்டு முகவரி குடுக்குறான்."

"எவன் அவன்?"

"நம்ம சவுனா."

அந்த நீராவிக் குளியலறைக்குள் போகாமலேயே இல்மோவுக்கு வியர்த்தது.

அலுவலகச் சவுனாவின் அடுப்பை வெள்ளிதோறும் ஒரு மணிக்குப் பற்றவைக்கும் பெட்டி அவனே செய்தது. அடுப்பு எரியும் நேரத்தில் மட்டும் உள்ளிருக்கும் வெப்பமானிகளுக்கு முகவரி கொடுப்பதும் அதுதான். மேசையிலிருந்தே சூட்டைப் பார்க்கலாமே என்று திங்களன்றுதான் அதன் கம்பியை இந்த நெட்வொர்க்கில் செருகியிருந்தான். பெட்டி இப்போது பன்னிரண்டு போர்டுகளையும் வெப்பமானி என்று நினைத்து முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. எழுப்பும் கோப்புதான் அதனிடம் இல்லை.

"பிடுங்கிப் போட வேண்டியதுதானே?"

"எந்தக் கம்பியப் பிடுங்கினாலும் அடுப்பு அணைஞ்சிடும். அடுப்பு மேல இருக்குற கல்லு ஆறுற வரைக்கும் திரும்பப் பத்தாது. பாதுகாப்புக்குன்னு நான்தான் அப்பிடிப் பண்ணி வெச்சேன்."

"நல்ல மூளை."

ஔலு நகரில் வாடிக்கையாளரை ஆறிப்போன சவுனாவில் உட்காரவைத்தவன் அப்புறம் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அதிலும் எதற்கும் போட்டிக்கு நிற்கும் அண்டை நாட்டுச் சுவீடன்காரர் முன்னால்.

"பொட்டி யாருதுன்னு ஹெய்மோகிட்ட சொல்லிடாத, ஓர்வொக்கி."

"மான் தொடை ரெண்டும் எனக்கு."

"ஒண்ணு."

"ஹெய்மோ ரூம்லதான் இருக்காரு போல."

"சரி தாயே, ரெண்டும்."

மணி இரண்டே முக்கால். முகவரி கொடுத்தவனிடமேதான் போர்டு கோப்பையும் கேட்கும். அப்படியானால் பெட்டியை ஏன் அணைக்க வேண்டும்? எழுப்பும் கோப்பையே இல்மோ அதற்குள் ஏற்றினான். கேட்பவர்க்கு எடுத்துக் கொடுக்க ஒரு குட்டி நிரலையும் வைத்தான். மின்சாரம் கொடுத்ததும் பன்னிரண்டும் துள்ளி எழுந்தன. கண்ணிமைக்க நேரமில்லை; பாதி இமைப்பிலேயே முடிந்துவிட்டது.

சுவீடன்காரர் லென்னார்ட் மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

"என்னா வேகம். இந்த சர்வர நான் பாக்கலாமா?"

ஹெய்மோ மூலையில் இருந்த சர்வரைக் காட்டக் கையைத் தூக்குவதற்குள் ஓர்வொக்கி முந்திக்கொண்டாள்.

"தாராளமா. துண்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

நான்கு மணிக்கு மூன்று ஆண்களும் சவுனாப் பலகையில் வெந்துகொண்டிருந்தார்கள். கதவோரம் சுவரில் இருந்த பெட்டியை லென்னார்ட் வாய் பிளந்து பார்த்தார்.

"இந்தச் சூட்டுலயா ஓடுது?"

"இன்னும் பத்து டிகிரி ஏத்தினாலும் ஓடும்," என்றான் இல்மோ. அதுவாவது உண்மை.

"அப்ப போர்டுகளோட இதுலயும் நூறு வேணும். திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம்."

ஹெய்மோ பெட்டியைப் பார்த்தார். பிறகு இல்மோவைப் பார்த்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புற?"

"அஞ்சுக்கு."

"நல்லது," என்று ஹெய்மோ ஒரு வாளித் தண்ணீர் முழுவதையும் இல்மோ பக்கத்துக் கொதிக்கும் கற்களின்மேல் கவிழ்த்து, சீறிய ஆவியை அவன்மேலேயே ஏவினார்.