பெண் பார்க்கப் போன தடுப்பு வரிசை

1992ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் ரக்பி இளைஞர்கள் ஏழு பேரும் ஒரே வரிசையாகத்தான் நடமாடினார்கள். ஒருவன் இடப்பக்கம் நகர்ந்தால், மற்ற ஆறு பேரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இடப்பக்கம் நகர்ந்தார்கள். அந்த மாதம் ரப்பர் விலையும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பயிற்சியாளர் கணேசமூர்த்தி தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. பந்து எதிரணியின் கைக்குப் போனதும் தோளோடு தோள் சேர்ந்து, இடைவெளி விடாமல் முன்னேறித் தடுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். பையன்கள் ஆளுக்கொரு திசையில் பந்தைத் துரத்தினார்கள். "தீனியக் கண்ட கோழி மாதிரி ஓடாதீங்கடா. பக்கத்துல நிக்கிறவன் தோளப் பாருங்கலா," என்று தொண்டை கட்டும் வரை கத்திப் பார்த்துவிட்டு, மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போய் ஏழு மணிக்கட்டிலும் காப்புக் கட்டச் சொன்னார். காப்பு கட்டினால் அவிழ்க்கும் நாளையும் சொல்ல வேண்டும். பூசாரி கேட்டார். "எவனாச்சும் இவனுங்க வரிசைய உடைக்கட்டும், அன்னிக்கி அவுத்துக்கலாம்," என்றார் கிராணி. உடையாவிட்டால் என்ன செய்வது என்று அம்மன் சந்நிதியில் ஒருவரும் கேட்கவில்லை.

யாராலும் உடைக்க முடியவில்லை. ஜாசின் அணியின் மிகப் பருமனான ஆட்டக்காரர் ஓடி வந்து மோதினார். பிறகு புல்லில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். வரிசையை விட்டுப் பந்தோடு ஓட முடியாததால் நம்மவர்களும் புள்ளி எடுக்கவில்லை. எல்லா ஆட்டமும் சமநிலை. பேருந்தில் ஏற முடியாமல் பெம்பான் சாலையை அடைத்துக்கொண்டு நடந்தார்கள், லோரிகள் பின்னால் ஊர்ந்தன. பிறகு, ஆட்கள் வரிசையாக நின்று வேலை செய்யும் ஒரு தொழிற்சாலை ஏழு பேரையும் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டது.

அங்கேதான் வரிசையின் இடக்கோடியில் நின்ற தம்புசாமிக்கும் அங்கே வேலை செய்த பெம்பான் திலகவதிக்கும் பிடித்துப்போயிற்று. 1997இல் கிராணியோடு பெண் பார்க்கப் போனார்கள். கூடத்தில் இடம் போதாமல் கடைசி இருவர் சமையலறையில் நின்றார்கள். திலகவதி காப்பித் தட்டோடு இடப்பக்கம் வந்தாள்; ஏழு பேரும் இடப்பக்கம் நகர்ந்தார்கள். வலப்பக்கம் போனாள், சமையலறையில் ஐஸ்பெட்டி சாய்ந்தது.

"பொண்ணு கேட்டு வந்தீங்களா, வீட்டுக்கு வேலி போட வந்தீங்களா?" என்று கேட்டார் அவள் அப்பா பெரியதம்பி.

"டிஃபென்ஸ் நல்லா பண்றானுங்கண்ணே," என்றார் கிராணி.

தம்புசாமி ஒற்றை ஆளாக வந்து தாலி கட்ட வேண்டும், இல்லையென்றால் தைப்பூசத்துக்குள் வேறு மாப்பிள்ளை என்று பெரியதம்பி சொல்லிவிட்டார். வரிசையை உடைக்க அவரே வாசல் கேட்டிலிருந்து ஓடி வந்தார். மரியாதையாகப் படுக்க வைத்தார்கள். தாய்மாமன் வந்தார், சித்தப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். இருவரும் அவர் பக்கத்தில் படுக்க வைக்கப்பட்டார்கள். தம்புசாமி அழுதான். மற்ற ஆறு பேரும் அழ வேண்டியதாயிற்று.

திலகவதி தட்டைக் கீழே வைத்துவிட்டு, தம்புசாமியின் இடப்பக்கம் போய்த் தோளோடு தோளாக நின்றாள். "எனக்கும் காப்பு கட்டச் சொல்லுங்க, சார்," என்றாள் கிராணியிடம்.

"அவன வெளிய வரச் சொன்னா நீ உள்ள போறியேம்மா," என்றார் பெரியதம்பி தரையிலிருந்து.

"வெளிய வந்தா மறுபடியும் பந்து பின்னால ஓடிருவாருப்பா."

திருமணத்தில் முதலில் காப்பு, பிறகு தாலி. தம்புசாமி முடிச்சுப் போட்டபோது மற்ற ஆறு பேரும் வெறுங்கையால் காற்றில் முடிச்சுப் போட்டார்கள்.

மற்றவர்களுக்கும் அப்படியே ஒவ்வொன்றாகக் கல்யாணம் அமைந்தது. 1999இல் பெம்பானில் ஒரே வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிய ஏழு தேரஸ் வீடுகள் வாங்கினார்கள். யாராவது ஓரமாகப் புகுந்து போகப் பார்த்தால் ஏழு வீடுகளும் அந்தப் பக்கம் நகர்கின்றன. நகராட்சி இரண்டு முறை சாக்கடையை மாற்றி வெட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது. ரொட்டிக்காரர் மட்டும் முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வீடுகள் நிலைக்கு வரும் வரை காத்திருந்துவிட்டு ஹாரன் அடிக்கிறார்.