மண் ஒளிரும் உலகத்துக்கு ஒரு சட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டான் என்று திட்டக்கூடாது. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்று. ஒரு மாயாஜால நாவல். அந்த உலகத்தில் சூரியன் கிடையாது, நிலா கிடையாது. வெளிச்சம் மண்ணிலிருந்து வரும். உழுதால் பிரகாசம், வெள்ளம் வந்தால் இருட்டு. இவ்வளவுதான் என் மூலதனம். நாவல் பாதியில் நிற்கிறது. அதை நகரவிடாமல் இந்தக் கதை குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் என் மாமியார்.

மாமியார் என்றதும் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். அத்தை மண் பரிசோதனைக் கூடத்தில் தலைமை விஞ்ஞானி. பைபையாக மண் வரும். அதைச் சலித்து, ஓவனில் காயவைத்து, எடைபோட்டு, இதில் என்ன விளையும், இது எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்வது அவர் வேலை. மாமா சபைப் போதகர். நானும் என் மனைவியும் அதே வீட்டின் மாடியில் இருக்கிறோம். விஞ்ஞானமும் வேதமும் ஒரே கூரையின் கீழ் இலவசமாகக் கிடைத்தால், இல்லாத உலகத்தைக் கட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

(பாலில் விழவில்லை. பொறுங்கள்.)

2

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

"சூரியன் உதிக்காத ஊரில் ஒரு பெண்—" வேண்டாம். உலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

"என் மாமனாரும் மாமியாரும் நேருக்கு நேர் பேசி நான்கு வருடம்—" உண்மை. ஆனால் வீட்டில் படிப்பார்கள்.

"மைத்துனர் இறந்த அன்று—"

இதை முடிக்கத்தான் தைரியம் வரவில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். என் மனைவியின் அண்ணன் சாலை விபத்தில் போய்விட்டார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேறு போதகரை அழைக்கலாம் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், அடக்க ஆராதனையை மாமாவே நடத்தினார். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கர்த்தருக்கு அது தெரியும், ஒருநாள் நமக்கும் தெரியும் என்று பிரசங்கித்தார். முன் வரிசையில் இருந்த அத்தை எழுந்து வெளியே போனார். அன்றைக்குப் பிறகு ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும். உங்கப்பா மாத்திரை போட்டாரான்னு கேளு, உங்கம்மாவுக்குக் குடை வேணுமான்னு கேளு என்று என் மனைவி வழியாகவே ஒரு குடித்தனம் நடந்தது. அவள் வீட்டில் இல்லாத நாட்களில் அந்த வேலை எனக்கு.

இப்போது வேறு ஊரில் புதிதாக ஓர் ஆய்வுக்கூடம் தொடங்குகிறார்கள். பொறுப்பு அத்தைக்கு. மாதக் கடைசியில் பயணம், தனியாகத்தான். மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவங்க இப்பப் பிரிஞ்சா அப்புறம் சேரவே மாட்டாங்க என்று என் மனைவி அடுப்படியில் நின்று அழுதாள். இந்தக் கதையில் எதற்காகப் பதறுவது என்று கேட்கிறவர்கள் இதற்காகப் பதறுங்கள்.

3

இல்லாத உலகத்துக்கு நியாயம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். இஷ்டத்துக்கு அளந்துவிடுவது கற்பனை இல்லை, சோம்பேறித்தனம். ஒரு சட்டம் போட்டால் போட்டவனும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். விஞ்ஞானம் கேட்பதும் அதைத்தான். வேதத்தில் ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டவர்கூட மிச்சத்தை வீணாக்காமல் கூடையில் சேர்க்கச் சொன்னாரே. அற்புதத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் என் உலகத்தை எடுத்து வைத்தேன். (இருவரையும் பேசவைக்கத் திட்டமிட்டேன் என்று எழுதினால் எனக்குப் பெருமை. உண்மை என்னவென்றால், அத்தை ஊருக்குப் போய்விட்டால் சந்தேகம் கேட்க ஆள் இல்லை.)

சூரியன் இல்லாமல் வெளிச்சம் எப்படி என்றார் மாமா. நான் தயாராக இருந்தேன். வேதத்தின் முதல் பக்கத்திலேயே வெளிச்சம் முதல் நாள், சூரியன் நாலாம் நாள். நடுவே மூன்றாம் நாள் புல்லும் மரமும் முளைத்தாயிற்று. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் என் ஊருக்கும் வருகிறது என்றேன். மாமா சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

அத்தை என் மனைவி பக்கம் திரும்பி, உங்கப்பாவுக்கு வெளிச்சம் போதும், செடிக்குச் சாப்பாடு வேணுமே என்றார். நான் ஆழ்கடலைக் காட்டினேன். வெயில் எட்டாத அடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அங்கே ரசாயனத்தைத் தின்றே பிழைக்கும் நுண்ணுயிர்கள், அவற்றை நம்பிப் புழு, நண்டு என்று ஓர் ஊரே வாழ்கிறது. அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை, கடலடியில சரி. உங்க வயலுக்கு அந்த ரசாயனம் ஏது? ஒரு மாசத்துல செத்துடும்," என்றார். மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

அப்போது மாமா எனக்குக் கைகொடுத்தார், அதுவும் விஞ்ஞானத்தோடு. மக்கின மரத்தில் முளைத்து இருட்டில் ஒளிரும் காளான் உண்டாமே, உங்கம்மாகிட்ட கேளு என்றார்.* அத்தைக்கு முகமே மாறிவிட்டது. அது சரிதான், அப்படியானால் மண் ஒளிர வழி இருக்கிறது என்று ஸ்பூனால் மேசையில் படம் போட ஆரம்பித்தார். அந்தக் காளான் மக்கியதைத் தின்னும். இலை விழ வேண்டும், மரம் விழ வேண்டும், ஆடு மாடு சாக வேண்டும், அப்புறம் மனுஷங்களும்—

நிறுத்திவிட்டார்.

(* காளான் நிஜம். ஊருக்கே வெளிச்சம் போடும் என்பது என் கைச்சரக்கு.)

4

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். என் உலகத்தில் யாரும் சாவதில்லை. பாவம் நுழையாத உலகம், ஆகவே சாவும் நுழையவில்லை என்று மாமாவின் வேதத்தை வைத்தே நியாயம் கட்டியிருந்தேன். அத்தையின் மண் அதை ஒரே வரியில் இடித்துப்போட்டது. சாவு இல்லையென்றால் மக்குவது இல்லை. மக்குவது இல்லையென்றால் வெளிச்சம் இல்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன், இன்னும் அவளோடுதான் வாழ வேண்டும். ஆனால் எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? அந்த நேரத்திலும் ஒரு வரி ஓடியது. "இறந்தவர்கள்தான் நமக்கு வெளிச்சமாக—" அழகான வரி. வாய்வரை வந்துவிட்டது. என் முகத்தை வைத்தே அத்தை கண்டுபிடித்துவிட்டார்.

"அதை மட்டும் எழுதாதீங்க மாப்பிள்ளை. மண்ணுக்கு உரம் வேணும்னு யாரும் பிள்ளையைப் பெத்துக் கொடுக்கல."

மாமா என் கட்சிக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். சாவில்லாத உலகத்தைக் காப்பாற்ற அவரிடம் வசனமா இல்லை? அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாவு இருக்கட்டும்," என்றார். "ஆனா ஒரு சட்டம் போடுங்க மாப்பிள்ளை. அங்க யாராவது செத்தா, ஏன் செத்தாங்கன்னு எவனும் காரணம் சொல்லக்கூடாது. முக்கியமா போதகர் சொல்லக்கூடாது."

அத்தை, மகளைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல், நேராக மாமாவிடமே கேட்டார்.

"அப்ப போதகர் என்னதான் செய்வாரு?"

"தெரியல."

"அழலாம். செத்தவனை எழுப்பத்தான் போறோம்னு தெரிஞ்சும், சிநேகிதன் கல்லறைகிட்ட கர்த்தரே அழுதாரே. காரணமா சொல்லிட்டு இருந்தாரு?"

வேதத்தை எடுத்தது அத்தை, நன்றாகக் கவனியுங்கள். மாமா அழுதார். தோள் குலுங்க, சத்தமாக, மகனுக்காக முதல்முறையாக எங்கள் முன்னால் அழுதார். அத்தை தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

5

முடிவுகள். அத்தை பயணத்தை ரத்து செய்கிறார்: கூடாது. அந்த ஆய்வுக்கூடம் அவர் வாழ்நாள் ஆசை, அதைப் பிடுங்க எந்தக் கதைக்கும் உரிமை இல்லை. அத்தை அடுத்த ஞாயிறே ஆலயத்துக்கு வருகிறார்: சபை மலரில் போட நன்றாக இருக்கும். வரவில்லை. மாமா விசுவாசத்தை விட்டுவிட்டு— போங்கள், அவர் அன்று மாலையும் ஜெபக்கூட்டத்துக்குப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். அவர் கூட்டத்துக்குக் கிளம்பும் முன், அத்தை அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். (ஒட்டுக்கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவே.) மாமா அறை வாசலில் போய் நின்று, செருமி, சபையில ஒரு வருஷம் லீவு கேக்கலாம்னு இருக்கேன் என்றார்.

"நான் வந்தா அங்க இடம் இருக்குமா?"

அத்தை பதில் சொன்னார். எனக்குக் கேட்டது. என் மனைவிக்கும் கேட்டது, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். இங்கே எழுத மாட்டேன். அந்த வீட்டில் எல்லாப் பேச்சையும் நாங்கள் நடுவில் நின்று கடத்தியது போதும். இந்த ஒரு பதிலாவது கேட்டவருக்கே போகட்டும். நான் மெல்லக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். நீங்களும் கொஞ்சம் தள்ளி வாருங்கள்.