சாபம் இல்லாத நாகக்கன்னி

நாகஜோதியும் வேல்விழியும் வீரபாண்டித் திருவிழாவுக்குச் சேர்ந்து போய் எத்தனையோ வருசமாகிவிட்டது. வேல்விழி கட்டிக்கொண்டு போனது திருப்பூருக்கு. நாகஜோதி பழனிசெட்டிபட்டியில் தையல் கடை வைத்திருக்கிறாள். இந்தச் சித்திரைக்கு வேல்விழி வந்ததும் வராததுமாக, "ஏடி, கௌமாரியைக் கும்பிட்டுட்டு அப்படியே ராட்டினத்துப் பக்கம் ஒரு சுத்து சுத்துவோமா?" என்றாள்.

சாமி கும்பிட்டு, அக்னிச்சட்டிக்காரர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் ராட்டினத் திடலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு தகரக் கொட்டகையின் முகப்பில் பலகை தொங்கியது. 'நாகக்கன்னி! பெண் தலை, பாம்பு உடல்! உயிருடன்!'

நாகஜோதி நின்றுவிட்டாள். வேல்விழி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன ராணி, உள்ள போவமா?"

பல வருசத்துக்கு முன்னால், அவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு. ஊர்ப்புற நூலகத்தில் அட்டை கிழிந்த மாயாஜாலக் கதைப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. தினமும் ஒன்றை எடுத்து வந்து, வாய்க்கால் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, ஒருத்தி வாசிக்க ஒருத்தி கேட்பாள். பறக்கும் கம்பளம், பேசும் கிளி, குகைக்குள் எரியும் பச்சை விளக்கு என்று எல்லாம் நாகஜோதிக்கு உயிர். சாப்பிட மறந்துபோகும் அளவுக்கு உயிர். ஆனாலும் ஒரு குறை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ராஜகுமாரனுக்குப் பேர் இருக்கும். அவன் குதிரைக்குப் பேர் இருக்கும். வாளுக்குக்கூடப் பேர் இருக்கும். அவள் மட்டும் வெறும் 'இளவரசி'. அவள் இடையைப் பற்றி அரைப் பக்கம், கண்ணைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டு, அரக்கனை விட்டுத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள்.

"இவன் ஏழு கடலத் தாண்டி வர்ற வரைக்கும் அந்தப் புள்ள கூண்டுக்குள்ள என்னடி பண்ணும்? பசிக்காதா?" என்று கேட்பாள் வேல்விழி.

"அழுதுக்கிட்டு இருக்கும்."

"எந்நேரமுமா?"

"வயசுப்புள்ளன்னா பரிசு, கிழவின்னா சூனியக்காரி. ரெண்டுக்கும் நடுவுல எவளுமே இல்ல பாரு. நம்ம அம்மாக வயசுல அந்த நாட்டுல பொம்பளையே கிடையாது போல."

இரண்டு பேரும் வாய்க்கால் அதிரச் சிரிப்பார்கள். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

அந்த வருசத் திருவிழாவில்தான் சுந்தர்ராஜ் என்பவர், நாகஜோதியின் அப்பா ராக்கையாவின் தென்னந்தோப்பில் நாகக்கன்னிக் கொட்டகை போட்டார். அவர் சம்சாரம் சுப்புத்தாய்தான் நாகக்கன்னி. ஒரு மேசையில் ஓட்டை. அதன் வழியாகத் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, கீழே மடங்கி உட்கார வேண்டும். சாய்த்து வைத்த கண்ணாடி உடம்பை மறைத்துவிடும். கழுத்திலிருந்து பஞ்சடைத்த துணிப்பாம்பு சுருண்டு கிடக்கும். சுப்புத்தாய்க்கு அது நிறைமாசம். மடங்கி உட்கார முடியவில்லை.

தோப்புக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்த சுப்புத்தாய் தன் கஷ்டத்தைச் சொன்னதும், "நான் உக்காரட்டாக்கா?" என்று நாகஜோதி கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அப்பா முகம் ஞாபகம் வந்தது.

"முகத்துல நீலம் பூசி கிரீடம் வச்சா, பெத்தவுகளுக்கே அடையாளம் தெரியாது தாயி" என்றாள் சுப்புத்தாய்.

வசனம் ரொம்பச் சின்னது. சுந்தர்ராஜ் மைக்கைப் பிடித்துக் கேட்பார். "பெண்ணே, நீ யார்?"

"நாகலோகத்து இளவரசி."

"இந்தக் கோலம் ஏன் வந்தது?"

"ஆத்தா பேச்சைக் கேக்காம ஆத்தங்கரைக்குத் தனியாப் போனேன். முனிவர் சாபம் குடுத்துட்டாரு. தங்கச்சிமாரே, என்னை மாதிரி யாரும் ஆயிராதீக!"

அப்புறம் அழ வேண்டும். கூட்டத்தில் அம்மாக்காரிகள் தங்கள் பெண் பிள்ளைகளின் காதைத் திருகி, "பாத்தியா? சொன்ன பேச்சு கேக்கலேன்னா இந்தக் கதிதான்" என்பார்கள். பையன்களின் காதை யாரும் திருகவில்லை.

முதலில் எல்லாம் நாகஜோதிக்கு அந்த இடமே சொர்க்கமாக இருந்தது. கழுத்து வலித்தது, மூக்கில் கொசு உட்கார்ந்தால் விரட்டக் கை இல்லை. இருந்தாலும் திரை விலகும்போது எழுகிற அந்த 'ஆ' சத்தத்துக்கு எதையும் தாங்கலாம். கதைக்குள் தானே போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் சாபம் சொல்லும்போது மட்டும் வாய் கசந்தது. ஏழு கடலுக்கு அப்பால் கூண்டில் அழுதுகொண்டிருந்த பெண் இப்போது அவளேதான்.

ஒரு சாயங்காலம் முன்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளை நின்றது. காதைத் திருகி அழவைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். அது கண்ணைத் துடைத்துக்கொண்டு நாகஜோதியையே பார்த்தது. மைக் கேள்வி முடிவதற்குள், "வலிக்குதா?" என்று மெல்லக் கேட்டது.

சாபத்தைச் சொல்ல வேண்டிய வாய், "வலிக்கல" என்றது.

"யாரு உன்னையப் பாம்பாக்குனது?"

"யாரும் ஆக்கல. நாந்தான் ஆனேன். ஆசப்பட்டுத்தான் ஆனேன்."

சுந்தர்ராஜ் மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். பிள்ளை விடவில்லை. "எதுக்கு?"

"ஆத்துக்கு அடியில ஒரு ஊரு இருக்கு. காலு இருந்தா அங்கன போக முடியாது."

அப்புறம் மடை திறந்துவிட்டது. அந்த ஊரில் வீடு உண்டா, விளக்கு உண்டா, பாம்புக்குச் சடை பின்னுவது யார் என்று கூட்டத்தில் எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கக் கேட்க நாகஜோதி ஊரைக் கட்டிக்கொண்டே போனாள். ஒரு பெரியவர் மட்டும், "பொம்பளப் பாம்புக்குத் திமிரப் பாரு" என்று முனகினார். வெளியே அடுத்த ஆட்டத்துக்கு நின்றவர்கள் தகரத்தைத் தட்டினார்கள்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. "அது சரித்தா. உன்னையப் பெத்தவ தேட மாட்டாளா?"

அந்தக் குரல் நாகஜோதிக்குத் தெரிந்த குரல். அம்மா ராக்கம்மாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரப்பில் நின்று ஆள் கூப்பிடுவதுபோல நின்றாள். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியவில்லை.

"தேட மாட்டாக" என்றாள் நாகஜோதி. "நான் எங்கன இருக்கேன்னு அவுகளுக்குத் தெரியும்."

ராக்கம்மாள் "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

சுந்தர்ராஜ் குதித்தார். "சாபம் இல்லேன்னா கதை எங்கன இருக்கு பாப்பா? அழுதாத்தான சனம் உச்சுக்கொட்டும்?" உள்ளே பாயில் படுத்திருந்த சுப்புத்தாயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் தூக்கத்துலகூட அந்தச் சாபத்தத்தான் ஒளறுறேன். அந்த ஆத்துக்கடி ஊர மறுக்காச் சொல்லு தாயி, கேப்போம்" என்றாள்.

வீட்டில் அம்மா சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். அப்பா பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கைகழுவ எழுந்து போனதும், "காதுக்குப் பின்னாடி நீலம் அப்பிருக்கு. நல்லாத் தேச்சுக் குளி" என்றாள். அவ்வளவுதான். சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறுநாள் திருவிழா முடிந்து கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். சுப்புத்தாய்க்கு என்ன பிள்ளை பிறந்தது என்றுகூடத் தெரியாமல் போயிற்று. நாகஜோதிக்கு இன்றைக்கும் அது ஒரு மனக்குறைதான்.

"ஏடி, டிக்கெட் எடுத்துட்டேன். வா" என்று வேல்விழி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே வண்ண விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். மேசைமேல் ஒரு பதினாறு, பதினேழு வயசுப் பெண்ணின் முகம். கன்னத்தில் மினுமினுப்பு. ஸ்பீக்கரிலிருந்து யாரோ ஒருத்தியின் குரல் அதே கதையைச் சொன்னது. அம்மா பேச்சைக் கேட்காதவள், முனிவர், சாபம், கண்ணீர். பெண் அதற்கு வாயசைத்தாள். கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

"பாவம், இதுக்குக் குரல்கூட இல்ல" என்றாள் வேல்விழி. நாகஜோதிக்கு அந்தப் பழைய கொட்டகை ஞாபகம் வந்தது. கசக்கிற வசனமாக இருந்தாலும், அதைச் சொன்னது அவள் வாய். அதனால்தான் மாற்ற முடிந்தது.

அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு பாப்பா சத்தமாக, "நீ ஸ்கூலுக்குப் போவியா?" என்று கேட்டது.

ஸ்பீக்கர் தன்பாட்டில் அழுதுகொண்டிருந்தது.

"போவேனே" என்றாள் நாகஜோதி, பின்னாலிருந்து. அந்தப் பழைய குரல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "டீச்சருக்குத்தான் என்னையக் கண்டா பயம்."

கூட்டம் சிரித்தது. மேசைமேலிருந்த பெண் திடுக்கிட்டுக் கண்ணை ஓட்டி நாகஜோதியைக் கண்டுபிடித்தாள். பாப்பா அடுத்த கேள்வியைக் கேட்டது. "பெஞ்சுல எப்படி உக்காருவ?"

நாகஜோதி வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே ஏதோ சொன்னாள். ஸ்பீக்கர் சத்தத்தில் பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் இருந்த பாப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அது அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.