ஒற்றைக் கைச் சுற்று

அந்தத் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் உறைத்தது அதன் கனம்தான். எங்கள் இடுப்பில் இருப்பவை பிளாஸ்டிக் உடம்பு கொண்டவை. உழைத்து உழைத்துத் தேய்ந்துவிட்டன. இது முழு அளவு, உடம்பெல்லாம் உலோகம். ஃபார்கோ நகரத்திலிருந்து வந்த துப்பாக்கி வியாபாரி, வைத்திருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று விட்டுப் போயிருந்தார். ரோந்துக்கு ஆகுமா, வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆகுமா என்று சோதித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. துப்பாக்கிப் பயிற்சியாளர் என்ற சான்றிதழை அந்த வசந்தத்தில்தான் வாங்கியிருந்தேன். எங்கள் கவுண்டியின் ஷெரிஃப் அலுவலகத்தில் டெபுடிகள், அதாவது ரோந்து போகும் காவலர்கள், நான்கே பேர். அதில் சின்னவன் நான்.

ஷெரிஃப் ஹார்லன் பெட்டியை எட்டிப் பார்த்தார். "நெல்ஸ், இது நல்ல துப்பாக்கியா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம். வெர்னா இதை வச்சு சுட்டுருவாளா? அதைச் சொல்லு மொதல்ல."

வெர்னா ஹோல்ஸ்ட் எங்களில் மூத்த டெபுடி. வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோனவர். லேசான துப்பாக்கியின் உதைப்பு நேராக அந்த மூட்டில் போய் இறங்கும். வலி வரப்போகிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டதால், சுடுவதற்கு ஒரு கணம் முன்பே கை தாழ்ந்துவிடும். தோட்டா மண்ணுக்குப் போகும். மாநிலத் துப்பாக்கித் தேர்வில் வருடத்துக்கு மூன்று வாய்ப்பு. இரண்டில் தோற்றிருந்தார். மூன்றாவதிலும் தோற்றால் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி இல்லையென்றால் பேட்ஜ் இல்லை. புருஷன் இறந்தபின் வடக்கே ஒரு பண்ணை வீட்டில் தனியாக இருந்தார். "பேட்ஜ் போச்சுன்னா அந்த வீட்ல உக்காந்து காத்து அடிக்கறதைக் கேட்டுட்டிருக்க வேண்டியதுதான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஊருக்கு வெளியே, ஜல்லி தோண்டி எடுத்த பள்ளம்தான் எங்கள் சுடுதளம். அங்கே வைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"என்னடா இது, கலப்பைக் கொழுவைக் கழட்டி இடுப்புல கட்டின மாதிரி இருக்கு."

"கனமா இருந்தாத்தான் உதைக்காது வெர்னா."

"இதையெல்லாம் சாயங்கால வகுப்புல சொல்லித் தர்றாங்களாக்கும், கல்லூரிக்காரா?"

"அங்க புள்ளியியல்தான்."

"அப்ப நான் மண்ணைச் சுடறதுக்கு எத்தனை வாய்ப்புன்னு கணக்குப் போட்டு வை."

ஒரு மேகஸினில் இருந்த குண்டுகள் முழுவதையும் நிதானமாகச் சுட்டார். குறிவைத்த தாளில் ஓட்டைகள் நடுவில் ஒரு கைப்பிடிக்குள் சேர்ந்து விழுந்திருந்தன. அவர் தாளைப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்கல" என்றார், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பதுபோல.

அன்றிலிருந்து நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மழையில் நனைத்து, மண்ணில் போட்டு எடுத்து, பனிக்காலக் கையுறையோடு, ஐஸ் தண்ணீரில் கையை முக்கி விறைக்கவைத்துச் சுட்டேன். எங்கும் சிக்கவில்லை. புதிதாகப் பழகவேண்டியது ஒன்றே ஒன்று. இதன் பின்புறம் ஒரு சுத்தியல் உண்டு. முதல் குண்டுக்கு விசையை நீளமாக, பலமாக இழுக்கவேண்டும். அதன்பின் சுத்தியல் பின்னால் நிமிர்ந்தே நிற்கும். விசை, தொட்டால் போய்விடும் அளவுக்கு லேசாகிவிடும். அதனால் உறையில் போடுமுன் இடது பக்கத்திலுள்ள சிறு நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தி, சுத்தியலைப் பத்திரமாக இறக்கவேண்டும். பழைய துப்பாக்கியில் இந்த வேலை கிடையாது. சுட்டதும் உறையில் சொருகிவிடலாம்.

நெம்பையும் சோதித்தேன். ஈரக் கை, குளிர்ந்த கை, கையுறை. "எளிது" என்று எழுதினேன். அத்தனையும் என் கைதான்.

வெர்னா துப்பாக்கியை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோனார். திருப்பிக் கொடுக்கும்போது முகம் தெளிந்திருந்தது.

"தலகாணிப் பக்கத்து டிராயர்ல வச்சிருந்தேன். எடுத்து நீட்டினா கை ஆடல நெல்ஸ். அந்தக் கனமே கையை அமுக்கிப் பிடிச்சுக்குது. திருடன் வந்தான்னா சுடக்கூட வேணாம், கால்ல போட்டாப் போதும்."

"வேற எதாவது கஷ்டம்?"

"உன் கேள்விதான் கஷ்டம்."

அவர் சுத்தியலை இறக்கும்போதெல்லாம் இடது கையைக் கொண்டுவந்து நெம்பை அழுத்துவதைப் பார்த்திருந்தேன். என் நாட்குறிப்பில் இடப்பக்கம் பார்த்ததை எழுதுவேன், வலப்பக்கம் நினைத்ததை. வலப்பக்கத்தில் "பழக்கமா?" என்று ஒரு சொல் எழுதி விட்டுவிட்டேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தேனா, அல்லது உண்மையாகவே தோன்றவில்லையா என்பது இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

இன்னொன்றும் செய்தோம். தேர்வில் ஒற்றைக் கைச் சுற்று ஒன்று உண்டு. இடது கை அடிபட்டதாகப் பாவித்து அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வலது கை ஒன்றாலேயே எடுத்து, சுட்டு, திரும்ப உறையில் போடவேண்டும். பயிற்சியில் அந்தச் சுற்றை விட்டுவிட்டோம். ஒற்றைக் கையில் உதைப்பு கூடும், தேர்வுக்குமுன் மூட்டு வீங்கிவிடும் என்று பயம்.

"வெரலை அன்னிக்குன்னு மிச்சம் வச்சுக்கலாம்" என்றார் வெர்னா. நானும் தலையாட்டினேன். அவர் எப்படியும் குறி தவறமாட்டார் என்பதுதான் எங்கள் இருவர் கணக்கும். குறியைத் தவிர வேறெதையும் நாங்கள் யோசிக்கவில்லை.

தேர்வு நாளில் தரை விறைத்திருந்தது. பீட் கிழங்கு லாரிகள் நெடுஞ்சாலையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் தேர்வில் ஒத்திகைக்குண்டு கிடையாது; காரிலிருந்து இறங்கி அப்படியே கோட்டில் நிற்கவேண்டும். ஷெரிஃப் பின்னால் பிக்கப் வண்டி மேல் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் வெர்னாவின் வலது தோளுக்குப் பின்னால் நின்றேன்.

சுற்றுக்குச் சுற்று குண்டுகள் தாளின் நடுவிலிருந்த கறுப்புக்குள்ளேயே விழுந்தன. சுட்டு முடித்ததும் இடது கை வந்தது, நெம்பு இறங்கியது, துப்பாக்கி உறைக்குள் போனது. ஷெரிஃப் காப்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

கடைசி, ஒற்றைக் கை. வெர்னா இடது கையை முஷ்டியாக்கி நெஞ்சில் வைத்தார். வலது கை எடுத்தது, சுட்டது. அதிலும் ஒன்றுகூட வெளியே போகவில்லை.

பிறகு கட்டைவிரல் நெம்பின்மேல் போனது. அழுத்தினார். விரல் நுனி வெளுத்தது. நெம்பு அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அவர் கண்கள் முன்னாலிருந்த தாளிலேயே இருந்தன. நெஞ்சிலிருந்த முஷ்டி கொஞ்சம் விலகி, திரும்ப ஒட்டிக்கொண்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் துப்பாக்கியை உறையில் இறக்கினார்.

சுத்தியல் நிமிர்ந்தே இருந்தது. உறையின் விளிம்புக்கு மேலே, நான் நின்ற இடத்திலிருந்து மட்டும் தெரியும்படி.

விதி எனக்கு மனப்பாடம். உறைக்குள் நிமிர்ந்த சுத்தியல் என்றால் மதிப்பெண் எதுவானாலும் தோல்வி. நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவர் இடது கையைக் கொண்டுவந்து சுத்தியலை இறக்கிவிட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். அதை நான் நினைத்தேன் என்பதை வெர்னாவும் அறிந்திருக்கவேண்டும். லேசாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

அதற்குள் ஷெரிஃப் கைகளை விரித்துக்கொண்டு வந்துவிட்டார். "கெழவி, சாதிச்சிட்டியே. வா இங்க, ஒரு தடவையாச்சும் கட்டிப்பிடிச்சுக்கறேன்."

அவருடைய கனத்த கோட்டும் அதில் தொங்கும் கயிறும் சாவிக்கொத்தும் நேராக அந்த இடுப்பை நோக்கி வந்தன.

"ஷெரிஃப், நில்லுங்க. அவங்ககிட்ட போகாதீங்க" என்றேன்.

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு நான் பார்க்கும் இடத்தைப் பார்த்தார். விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லக் கீழே விட்டார்.

"எடுத்துரு நெல்ஸ்" என்றார் வெர்னா. "என்னால இப்ப தொட முடியாது. கை ஆடுது."

நான் அவர் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து, மண்மேட்டைப் பார்த்துப் பிடித்து, கட்டைவிரலால் நெம்பை அழுத்தினேன். டக் என்று இறங்கியது. அவ்வளவுதான். வெர்னா என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ மறந்துட்டேன்னு எழுதட்டுமா?" என்று ஷெரிஃப் மெதுவாகக் கேட்டார். "மறதின்னா மேல பேசிப் பாக்கலாம், இன்னொரு வாய்ப்பு..."

"மறக்கல ஹார்லன். மறந்திருந்தா நல்லாருந்திருக்கும்." இடது கை இன்னும் நெஞ்சிலேயே இருந்தது. சுற்று முடிந்துவிட்டதென்று அதற்கு யாரும் சொல்லவில்லை. "ஒரு கையில ஒருத்தனைப் பிடிச்சிட்டு நிக்கறப்ப இப்படி ஆச்சுன்னா? நெல்ஸ் பக்கத்துல நிக்கறப்ப வெடிச்சுதுன்னா? போதும், விடு."

துப்பாக்கி மட்டும் தேறிவிட்டது. ரோந்துக்கும் வீட்டுக்கும் உகந்தது என்று நான் எழுதிக் கொடுத்தேன், அது பொய்யில்லை. கறுப்புக்குள் விழுந்த வெர்னாவின் தாள்களையே ஷெரிஃப் கவுண்டிக் கூட்டத்தில் காட்டி ஒப்புதல் வாங்கினார்.

பனி விழத் தொடங்கியபின் பெட்டிகள் வந்தன. பகலில் வரும் பொட்டலங்களைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது ரேடியோ அறையில் இருப்பவரின் வேலை. அங்கே இப்போது வெர்னா உட்கார்ந்திருந்தார், சீருடை இல்லாமல், ஒரு பழைய ஸ்வெட்டரில். மேலிருந்த பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்துக் கொஞ்சநேரம் வைத்திருந்தார்.

"கனம் அதேதான்" என்றார்.

என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். வெளியே காற்று ஜன்னலை உலுக்கியது. அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்பதுபோல் இருந்தார்.

"நிக்காத கல்லூரிக்காரா. பதினொண்ணாம் ரோட்ல ஒருத்தன் பொண்டாட்டியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டானாம். குடிச்சிருக்கானாம். நீ தனியாத்தான் போகணும், வேற ஆள் இல்ல."

புதிய துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் ரேடியோவில் அவர் குரல் வந்தது. எங்கே இருக்கிறேன், எங்கே இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் அவர் பக்கத்து இருக்கையில் இருப்பார்.