வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

தங்கச்சி எழுதிய புத்தகத்தை, அது அச்சுக்குப் போகும் முன்பே படித்துவிட்டு அண்ணன் அழுதான். அந்த அழுகையைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனநோயில் கிடந்த காலத்தைப் பற்றி அவளே எழுதியது. அதில் ஒரு குகை வரும். இருட்டு, புழுக்கம், கத்தினால் தன் குரலே திரும்பி வரும். பதிப்பாளருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் அட்டையிலும் குகையையே வரையச் சொல்லியிருந்தார். நோயைத்தான் குகை என்கிறாள் என்று படித்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். அண்ணனுமா நினைப்பான்?

குகையாவது மண்ணாவது. அவன் வீட்டு மாடி அறை அது. விருந்தாளிகள் கண்ணில் இவள் படக் கூடாதென்று உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போடுவான். அதற்கென்றே ஆள் வைத்து வெளிப்பக்கம் அடித்த தாழ்ப்பாள். கூடப்பிறந்தவன் மானம் போகக் கூடாதே என்று அவள்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். கடைசியில் பூசணிக்காயை வளர்த்தவனுக்கே அது தெரியவில்லை.

"அந்தக் குகையில எவ்வளவு தவிச்சிருப்பே, பாவம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான்.

"கதவைத் தட்டித் தட்டிச் சொன்னேண்ணே."

டீ கொண்டுவந்த அண்ணி தம்ளரை வைத்துவிட்டுச் சமையலறைக்கு நழுவினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குள் தங்கச்சி பதிப்பாளரை போனில் பிடித்துவிட்டாள். குகையை எடுத்துவிட்டு, 'அண்ணன் என்னை மாடி அறையில் வைத்துப் பூட்டினான்' என்று போடச் சொன்னாள். உருவகம் போனால் அழகு போய்விடுமே என்று அவர் இழுத்தார். போய்த் தொலையட்டும் என்றாள்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. உன் நல்லதுக்குத்தானே செய்தேன், ஊர் உலகம் என்ன நினைக்கும், மகளுக்கு வரன் பார்க்கிற நேரம் என்று அடுக்கினான்.

"குகைன்னு எழுதினா உனக்கு அழுகை வருது. உன் வீட்டு ரூமுன்னு எழுதினா மானம் போகுதா?"

விறுவிறுவென்று மாடி ஏறினாள். அறையில் இப்போது பழைய சாமான்கள். தாழ்ப்பாள் மட்டும் அப்படியே இருந்தது. அட்டைக்குப் படம் எடுக்க போனைத் தூக்கினாள். மூச்சிரைக்க ஓடிவந்த அண்ணன் கதவை மறைத்துக்கொண்டு நின்றான்.

"தள்ளி நில்லுண்ணே. தாழ்ப்பாள் தெரியணும்."

அவன் நகரவில்லை. சரியென்று அவனையும் சேர்த்தே எடுத்தாள்.