கேட்ட விலை

மதியத்தில் கடைத்தெரு கண்ணயரும் நேரம். பூட்டுக்கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த கணினித் திரையில் அந்த ஒற்றைச் சொல்லை மறுபடி படித்தார். ‘ஏற்கிறேன்.’ அதன் கீழே இரண்டு வரி விளக்கம். அதற்கும் கீழே வழக்கமான பெயர்: மரங்கொத்தி. சண்டை போட்டு ஜெயித்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. எதிராளி கோட்டைக் கதவைத் திறந்துவைத்து விளக்கும் ஏற்றிவைத்திருந்தால், உள்ளே போகிறவன் முதலில் எதைப் பார்ப்பான்? தரையைத்தான், குழி எங்கே என்று.

அவர் வளர்ந்த வீட்டில் ஒரு பொருளுக்கு அதன் உண்மையான விலையைச் சொல்வது ஒரு வியாதியாகவே கருதப்பட்டது. அப்பா, பெரியப்பா, இரண்டு மாமன்மார் எல்லோரும் கடைக்காரர்கள். இரட்டிப்பாகச் சொல், வாங்க வந்தவன் பாதியில் தொடங்குவான், நடுவில் எங்கேயோ இரண்டு பேரும் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்பார் அப்பா. இந்த வித்தைக்கு ஒரே ஒரு எச்சரிக்கைதான் உண்டு. சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டுகிறவனிடம் ஜாக்கிரதை. ஒன்று, அவன் நோட்டு கள்ள நோட்டு. இல்லாவிட்டால் அந்தப் பூட்டு போகப்போகிற கதவு அவனுடையது அல்ல.

இந்த வித்தையைத்தான் அவர் அந்த இணையத் தளத்திலும் காட்டினார். எல்லோரும் எழுதலாம், எல்லோரும் திருத்தலாம் என்கிற கலைக்களஞ்சியம் அது. தங்கள் கடைத்தெருவைப் பற்றி அதில் ஒரு கட்டுரை இருப்பதே அவருக்குத் தெரியாது. மைத்துனன்தான் ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னான். “மச்சான், உங்க கடை உலகப் புகழ் அடைஞ்சிருச்சு போங்க.” வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தார். ‘பெருந்தீ’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, தெருவை அழித்த தீ பூட்டுக்கடையில், சாவி வெட்டும் மெஷினின் பொறியிலிருந்து தொடங்கியது என்று ஒரு வாக்கியம். தீ பிடித்த மறுநாள் வந்த செய்தித்தாள்தான் ஆதாரம். தெருவில் அன்றும் இன்றும் ஒரே பூட்டுக்கடைதான். அவருடைய சின்ன வயதில் ஊர் மென்று துப்பி, பிறகு மறந்துபோன பேச்சு அது. அப்பா அதைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்தார். இப்போது அதை எவன் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். ‘தீயின் காரணம் உறுதியாகத் தெரியவில்லை.’ அவ்வளவுதான். கொத்துச்சாவி என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, பழைய வரியை அழித்துவிட்டு வந்தார். அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. ‘ஆதாரமுள்ள வரி, காரணமின்றி நீக்கப்பட்டது. பேச்சுப் பக்கத்தில் பேசவும். மரங்கொத்தி.’ ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்கட்டு மாதிரி ஒரு பேச்சுப் பக்கம் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. முன்கட்டில் கட்டுரை வெள்ளையும் சொள்ளையுமாக நிற்கும், அடிதடியெல்லாம் பின்கட்டில். அங்கே போய் விதிகளைப் படித்தார். ஆதாரம் காட்டு. கோபப்படாதே. மாற்றி மாற்றி அழிக்காதே, பேசி இணக்கத்துக்கு வா. முடியாவிட்டால் மூன்றாம் ஆளைக் கூப்பிடு. இதுவரை சரி, எந்தச் சந்தையிலும் உள்ளதுதான். கடைசி விதியைப் படித்துவிட்டுத்தான் வாய்விட்டுச் சிரித்தார். எதிரே இருப்பவர் நல்லெண்ணத்தோடுதான் வந்திருக்கிறார் என்று கொள்க. இதைக் கடை வாசலில் எழுதி மாட்டினால் சாயங்காலத்துக்குள் கல்லாப்பெட்டியோடு வாசற்படியும் போய்விடும்.

பேசினார்கள். நான் இந்தத் தெருவிலேயே வளர்ந்தவன் என்று தொடங்கினார் இவர். மரங்கொத்தி பேருக்கேற்ற ஆள். ஒரே இடத்தில் கொத்திக்கொண்டே இருந்தான். என்ன ஆதாரம், எந்த நூல், எந்தப் பக்கம்? மரியாதை குறையவே இல்லை, அதுதான் எரிச்சல். மூன்றாம் ஆளாக எங்கிருந்தோ ஒருவர் வந்து, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தரகு வாங்காத தரகர், அதுவே சந்தேகத்துக்கு இடம். இப்படியே போனால் பலிக்காது என்று பூட்டுக்கடைக்காரருக்குப் பட்டது. நடுவிலை வேண்டுமென்றால் மேல்விலை சொல்ல வேண்டும். வணிகர் சங்கம் எப்போதோ போட்ட ஆண்டு மலரைத் தேடி எடுத்தார். அதில் காலமான குடைக்கடைக்காரரின் பேட்டி ஒன்று இருந்தது. ‘முதலில் நான் கண்டது எண்ணெய்க்கடைக் கூரையில் புகை.’ அது போதும். கட்டுரையில் போய், தீ எண்ணெய்க்கடையில் தொடங்கியது என்று எழுதி, மலரின் பக்க எண்ணையும் போட்டார். மரங்கொத்தி குதிப்பான். தான் கொஞ்சம் இறங்குவது போல் இறங்கலாம். கடைசியில் இரண்டு கடையும் வேண்டாம், காரணம் தெரியவில்லை என்றே போடுவோம் என்று படிந்துவிடும்.

மரங்கொத்தி குதிக்கவில்லை. ‘ஏற்கிறேன். செய்தித்தாள் கேள்விப்பட்டதை எழுதியது, இவர் நேரில் கண்டவர். நீங்கள் அங்கேயே வளர்ந்தவர், நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.’

யார் இவன்? மைத்துனனா? இருக்காது. அவனுக்கு மரியாதையாக நாலு வரி எழுத வராது. தெருவுக்கு வந்துபோகிற இன்சூரன்ஸ் ஏஜெண்டா? அவன் பேசினாலே கொத்தல்தான், ஆனால் காசில்லாமல் கொத்தமாட்டான். எதற்காக இறங்கினான்? பெரிய வெட்டுக்கு முன்னால் ஆட்டுக்குத் தழை காட்டுகிறானா? சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே உள்ளே போய் ‘காரணம் உறுதியாகத் தெரியவில்லை’ என்று மாற்றினார். காலையில் பழையபடி எண்ணெய்க்கடையே நின்றுகொண்டிருந்தது. பின்கட்டில் ஒரு குறிப்பு. ‘இது நாம் பேசி எட்டிய முடிவு. மாற்றுவதில் தடையில்லை, புதிதாக என்ன தெரிந்தது என்று மட்டும் சொல்லவும். குடைக்கடைக்காரர் சொன்னதில் உங்களுக்கே ஐயமா?’

ஐயம் என்ன ஐயம், முழு விவரமும் தெரியும். குடைக்கடை வாசல் எண்ணெய்க்கடையைப் பார்த்தபடி இருந்தது. பூட்டுக்கடை அன்று ஒரு வளைவுக்குப் பின்னால். அங்கே நின்று பார்க்கிற எவனுக்கும் தீ எங்கே தொடங்கினாலும் முதலில் தெரிவது எண்ணெய்க்கடைக் கூரைதான். துணியை விரிக்கும்போது கறை உள்ள மடிப்பை உள்ளே வைத்து விரிப்பது போல, அந்த ஒரு விவரத்தை மட்டும் உள்ளே மடித்துவிட்டார். இப்போது அதைச் சொன்னால், தெரிந்தேதான் கொண்டுவந்தீரா என்பார்கள். அது மட்டுமில்லை. குடைக்கடைக்காரரின் சாட்சி விழுந்துவிட்டால் மிச்சம் இருப்பது செய்தித்தாள் ஒன்றுதான். அப்பாவின் பேர் மறுபடி மேலே ஏறிவிடும். நடுவிலை என்று ஒன்று இனி அந்தக் கடையில் இல்லை.

ராத்திரி சாப்பாட்டின்போது மனைவியிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாளிடம் பட்டும் படாமலும் எதுவும் நடக்காது.

“எண்ணெய்க்கடை அக்கா மேலயா பழியப் போட்டீங்க?”

“போடல. சும்மா ஒரு பேச்சுக்கு வெச்சேன். அவன் எடுத்துருவான்னு நெனச்சேன்.”

“பேச்சுக்கு வெக்கிறதுக்கு அவங்க என்ன சாம்பிள் பூட்டா?”

“அவன் ஏன் ஒத்துக்கிட்டான்? அதுதான் புரியல. என்னமோ உள்குத்து இருக்கு.”

மனைவி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். “ஒருவேளை உங்கள நம்பிட்டானோ என்னமோ.”

அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. கள்ளன், ஏஜெண்டு, பகையாளி எல்லோரையும் தடவிப் பார்த்தாயிற்று. சும்மா நம்புகிற ஒருவன் கையில் அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைத்தபோதுதான் உண்மையிலேயே வியர்த்தது.

“மாமா அந்தத் தீயப் பத்தி என்னதான் சொன்னாரு?”

“ஒண்ணும் சொன்னதில்ல.”

சொன்னதில்லைதான். ஆனால் கடையைத் திரும்பக் கட்டிய பிறகு, தினமும் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தபின் அப்பா நின்றுவிடுவார். மகனைத் தெருவிலேயே நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய், பூட்டைத் திறந்து, மெஷின் சுவிட்சைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். சாகும்வரை. எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று அன்று பெருமையாக இருந்தது. இப்போது சோற்றில் கை வைத்தபடி அதே காட்சியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே மடித்த துணி இதிலும் இருக்கிறதோ என்று தோன்ற, சட்டென்று எழுந்து கை கழுவினார்.

எண்ணெய்க்கடை அக்கா மறுநாள் காலையிலேயே வந்தார். தீ பிடித்தபோது புது மருமகளாக வந்திருந்தவர். மாமனார், கணவர் எல்லோரும் போனபின் தனியாளாகக் கடையை நடத்துகிறார். பத்திரிகை பூட்டுக்கடையைச் சொன்ன காலத்தில்கூட அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. வந்தது ஒரு கதவுதான். தெருவைத் திரும்பக் கட்டியபோது, மறுபடி தீ வந்தால் யார் பக்கம் வந்தாலும் மற்றவர் ஓடிவர வேண்டும் என்று, இரண்டு கடைக்கும் நடுச்சுவரில் பின்பக்கமாக ஒரு கதவு வைத்தார்கள். அதற்கு இதுவரை பூட்டு கிடையாது. சில்லறை, குடிதண்ணீர், ஊர்வம்பு எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வரும். இன்று அக்கா தெருவைச் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாக, வாடிக்கையாளர் மாதிரி வந்து நின்றார்.

“தம்பி, ஒரு பூட்டு குடு. கதவுலயே பதிக்கிற மாதிரி. ரெண்டு பக்கமும் சாவித் துவாரம் இருக்கணும்.”

“எந்தக் கதவுக்குக்கா?”

“நம்ம நடுக்கதவுக்கு.”

அலமாரித் தட்டிலிருந்து பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “திடீர்னு என்னக்கா?”

“திடீர்னு ஒண்ணுமில்ல. பொண்ணு போன்ல எதையோ படிச்சுக் காட்டினா. நம்ம தெருவப் பத்திப் போட்டிருக்காங்களாம். எங்க பக்கத்துலேருந்து தீ வந்துச்சுன்னா, பாவம், நாளைக்கு உன் கடைக்கும் ஆபத்துதானே. என் பக்கத்த நான்தானே அடைச்சு வெக்கணும்.”

முகத்தைப் பார்த்தார். நாற்பது வருஷம் வாடிக்கையாளர் முகத்தைப் படித்தே பிழைத்தவர். எண்ணெய்க்கடை அக்காவின் முகத்தில் எண்ணெய் தவிர ஒன்றும் தெரியவில்லை. என்ன விலை என்று அக்கா கேட்டார். பழக்கதோஷம், வாய் தானாக இரட்டிப்பைச் சொன்னது. சொன்ன கணமே, குறைத்துக் கேட்கட்டும், எப்போதும் போல ‘என்ன தம்பி, பூட்டுக்கா சொல்ற, வீட்டுக்கா?’ என்று ஒரு சத்தம் போடட்டும் என்று மனசு தவித்தது. அக்கா சுருக்குப் பையை அவிழ்த்து, சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்தார்.

“அக்கா, பேரமே பேசலியே?”

“நீ இங்கயே வளந்தவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பூட்டையும் சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அதே வாக்கியம். மகள் அதையும் சேர்த்துப் படித்துக் காட்டியிருப்பாளா? இல்லை, அந்த மகள்தான் மரங்கொத்தியா? மாப்பிள்ளையா? அல்லது நம்புகிறவர்கள் எல்லோருமே இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்களா? அவருக்கு இதில் அனுபவம் போதாது.

மதியம் தச்சர் வந்து அந்தப் பக்கத்திலிருந்து துளை போட்டார். பூட்டுக்கடையின் பின்சுவரோரம் மரத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில், இதுவரை வெறும் பலகையாக இருந்த கதவில் ஒரு சாவித் துவாரம் முளைத்து, அதன் வழியே எண்ணெய்க்கடை வெளிச்சம் ஒரு புள்ளியாக இந்தப் பக்கம் விழுந்தது. பிறகு பூட்டு விழும் சத்தம். எத்தனையோ ஆயிரம் பேருக்குச் செய்து காட்டிய சத்தம்தான், மறுபக்கத்திலிருந்து அதைக் கேட்பது இதுவே முதல் தடவை.

கணினி முன் வந்து உட்கார்ந்தார். மரங்கொத்தியின் கேள்வி அப்படியே இருந்தது. உங்களுக்கே ஐயமா? பதில் எழுதும் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘குடைக்கடை வாசலில் நின்றால் எங்கள் கடை தெரியாது.’ தட்டிவிட்டு, சேமிக்கும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகாமல், மேஜையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அக்கா விட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டி அங்கேயே கிடந்தது. குப்பையில் போடலாம் என்று எடுத்தார். உள்ளே ஏதோ கலகலத்தது.

பூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டாம் சாவி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

மறந்திருப்பாரா? பூட்டு வாங்குகிறவர்கள் பூட்டைவிடச் சாவியைத்தான் முதலில் எண்ணுவார்கள். எண்ணாமல் போன ஒருவரை இந்த வியாபாரத்தில் அவர் கண்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் டின்னை இழுக்கும் ஓசை கேட்டது, நின்றது. திரையில், எழுதி முடித்த வரியின் ஓரத்தில் கோடு விட்டுவிட்டு மினுங்கியது. பூட்டுக்கடைக்காரர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, சாவியை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ள நோட்டைப் பார்ப்பது போல, ஒவ்வொரு பல்லாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.